இலச்சினையும் அதன் கூலியும்

ஒரு கடையின் பெயர்ப்பலகை, ஒரு வங்கியின் காசோலை, ஒரு தேயிலைப் பொதியின் மேலுறை, ஒரு சப்பாத்தின் பக்கம் ஆகிய இவற்றுள் எதனை நோக்கினும் அங்கே ஒரு சிறு குறி கண்ணிற் படும். எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் பழகாத குழந்தைகூட அக்குறியைக் கண்டவுடன் இன்ன பொருள் என்று சொல்லிவிடும். முற்காலத்தில் அரசர் விடுத்த ஓலையின்மேல் இடப்பட்ட முத்திரைக்கு இலச்சினை என்று பெயர். கயலைக் கண்டவர் பாண்டியன் ஓலை என்றும், புலியைக் கண்டவர் சோழன் ஓலை என்றும், வில்லைக் கண்டவர் சேரன் ஓலை என்றும், ஓலையைப் பிரிக்குமுன்னரே அறிந்துகொண்டனர். இன்று ஓலை விடுக்கும் அரசர் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் வணிக நிலையங்களும் சங்கங்களும் கலாசாலைகளும் இருக்கின்றன. அவை தம்மை அறிவிப்பதற்கு இட்டுக்கொள்ளும் குறிக்கும் இலச்சினை என்னும் அப்பழைய சொல்லே பொருந்தி நிற்கின்றது.

இக்குறிகளை வரைபவர் யார்? பெரிய விளம்பர நிலையங்களில் மாதச் சம்பளத்திற்கு அமர்ந்து வரைபவர் பலர். அவர்களைப் போலன்றி, எவரிடத்தும் நிரந்தர உத்தியோகம் ஏலாது, தம் வீட்டு மேசையையே தொழிற்கூடமாகக் கொண்டு, வேலைக்கு வேலை கூலி பேசி ஒப்புக்கொள்ளும் வடிவமைப்பாளரும் உளர். இவர்களுக்கு மாத முடிவிற் சம்பளம் இல்லை; முதுமையில் ஓய்வூதியமும் இல்லை. கையிலுள்ள கலையும் தாம் கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையுமே இவர்தம் முதல். இத்தகையோர் ஒருவர், தம்மை நாடிவந்த வாடிக்கைக்காரருக்கு இலச்சினை ஒன்றை எங்ஙனம் ஆக்கிக் கொடுக்கின்றார் என்பதையும், அதற்குரிய கூலி யாது என்பதையும் ஆராய்வது பயனுடையதாகும்.

கூலி பற்றிய வினா எளிதன்று. உலகம் அறிந்த ஓர் இலச்சினை 35 டொலருக்கு வரையப்பட்டது. மற்றொன்று 100,000 டொலருக்கு வரையப்பட்டது. மூன்றாவதாகிய ஒன்றுக்கு அதனை வரைந்தவர் உரிமையே கோரவில்லை. 35 டொலர்க் குறி இன்று உலகின் மூலைமுடுக்கெங்கும் காணப்படுகின்றது. 100,000 டொலர்க் குறியோ அதனை இட்டுக்கொண்ட நிறுவனத்துடன் வழக்கொழிந்தது. உரிமை கோரப்படாத குறி உலகத்தார் அனைவருக்கும் உரியதாயிற்று. விலைக்கும் வாழ்வுக்கும் இடையில் இத்துணை முரண்பாடு தோன்றுவது ஏன்? விடை காண்பதற்கு, இலச்சினை பிறக்கும் முறையை முதலிலிருந்தே நோக்குதல் வேண்டும்.

வடிவமைப்பாளரின் முதல் வேலை வரைதல் அன்று, கேட்டல். வாடிக்கைக்காரர் பெரும்பாலும் தமக்கு வேண்டியது யாதென்று சொல்வதில்லை; தமக்குப் பிடித்தது யாதென்றே சொல்லுவர். பேக்கரி நடத்தும் ஒருவர் வந்து, சிவப்பு நிறத்தில் ஒரு சிங்கம் வரைந்து தருக என்று கேட்கின்றார் என்று கொள்வோம். அனுபவமில்லாதவர் உடனே பென்சிலை எடுத்துச் சிங்கத்தின் பிடரியை வரையத் தொடங்குவார். அனுபவமுள்ளவரோ பென்சிலை ஒருபுறம் வைத்துவிட்டு வினாக்களைத் தொடுப்பார். உம்மிடம் பாண் வாங்குபவர் யார்? அவர்கள் காலையில் நடந்து வருபவரா, மாலையில் வாகனத்தில் வருபவரா? இக்குறி எங்கெங்கே அமையப்போகின்றது: பலகையிலா, கடதாசிப் பையிலா, விநியோக வண்டியிலா? அதே தெருவிலுள்ள மற்றைக் கடைகளின் குறிகள் எவை? பத்து ஆண்டுகளின் பின் இக்கடை எந்நிலையில் இருக்கவேண்டும் என்று எண்ணுகின்றீர்? இவ்வினாக்களுக்கு விடை கூறிவரும்போதே, தமக்கு வேண்டியது சிங்கமன்று, அதிகாலையிற் சூடு மாறாது கிடைக்கும் பாண் என்னும் நற்பெயரே என்பது வாடிக்கைக்காரருக்கே புலனாகிவிடும். அதன் பின்னரே பென்சிலுக்கு வேலை.

இனி, 35 டொலர்க் குறியின் வரலாற்றைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போட்லன்ட் நகரப் பல்கலைக்கழகத்திற் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி வரைகலை பயின்றுவந்தார். அங்கே கணக்கியல் கற்பித்த பில் நைற் என்பவர், தைலவண்ண ஓவிய வகுப்புக்குரிய பொருள்களை வாங்கத் தம்மிடம் பணமில்லை என்று அம்மாணவி ஒருவரிடம் கூறியதைத் தற்செயலாகக் கேட்டார். நைற் கற்பித்தலோடு வணிகமும் நடத்தியவர். 1964இல் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனுடன் கூடி ‘புளூ ரிபன் ஸ்போட்ஸ்’ என்னும் நிலையத்தைத் தொடங்கி, ஜப்பானிய ஓட்டச் சப்பாத்துக்களை இறக்குமதி செய்து விற்றுவந்தார். தமது கூட்டங்களுக்கு வேண்டிய வரைபடங்களையும் அட்டவணைகளையும் வரைந்து தந்தால் மணித்தியாலத்துக்கு 2 டொலர் தருவதாக அவர் டேவிட்சனுக்குக் கூறினார். அம்மாணவியும் உடன்பட்டார்.

1971இல் ஜப்பானிய நிறுவனத்துடன் இருந்த உறவு முறிவை நோக்கிச் சென்றது. சொந்தமாகச் சப்பாத்துச் செய்வித்து விற்க நைற் முற்பட்டார். அச்சப்பாத்தின் பக்கத்தில் அமைவதற்கு ஒரு குறி வேண்டியிருந்தது. சப்பாத்துத் தொழிலில் அதனைப் பட்டி என்று வழங்குவர். ஜேர்மனியின் அடிடாஸ் நிறுவனத்தார் பக்கத்துக்கு மூன்று பட்டிகள் தைத்து, அதனாலேயே உலகெங்கும் அறியப்பட்டிருந்தனர். நைற் டேவிட்சனிடம் வேண்டியவை இரண்டு: குறியைக் கண்டவருக்கு அசைவு தோன்றவேண்டும், பிறருடைய பட்டியின் சாயல் சிறிதும் இருத்தலாகாது.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்விரு கட்டளைகளும் ஓவியரின் கையைக் கட்டுவன போலத் தோன்றினும், உண்மையில் அவையே அவருக்கு வழிகாட்டின. விருப்பப்படி எதையேனும் வரைக என்று விடப்பட்ட ஓவியர் திசையறியாக் கடலில் விடப்பட்டவர் ஆவர். எல்லை வகுக்கப்பட்ட ஓவியரோ துறைமுகம் எப்பக்கம் என்று அறிந்தவர். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் எல்லைகளை வெறுப்பதில்லை. வாடிக்கைக்காரர் எல்லை வகுக்கத் தவறினால், தாமே வினாவி வகுத்துக்கொள்வர்.

டேவிட்சன் சப்பாத்தின் உருவத்தை வரைந்து, அதன்மேல் மெல்லிய கண்ணாடிக் கடதாசியை விரித்து, அதிற் குறிகளை வரைந்து வரைந்து பார்த்தார். வெறுந்தாளில் அழகாகத் தோன்றும் குறி, வளைந்து நெளிந்த சப்பாத்தின் பக்கத்தில் அழகிழந்து போகலாம். ஆதலாற் குறி எவ்விடத்திற் குடியிருக்கப் போகின்றதோ அவ்விடத்திலேயே அதனை வரைந்து பார்ப்பது சாலச் சிறந்தது. பெயர்ப்பலகைக்குரிய குறியைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்த்தல் வேண்டும். மருந்துப் போத்தலுக்குரிய குறியைப் போத்தலிலே சுற்றிப் பார்த்தல் வேண்டும்.

2016இல் வெளியான தமது நினைவு நூலில் நைற் கூறுமாறு, டேவிட்சன் முதலிற் கொணர்ந்த வரைவுகள் எவையும் அவர் மனத்தைக் கவரவில்லை. அவற்றுள் நம்பிக்கையளித்த சிலவற்றைத் தெரிந்து, அவ்வழியே மேலும் முயலுமாறு கேட்டுக்கொண்டார். சில நாட்களின் பின் டேவிட்சன் மற்றொரு தொகுதியுடன் வந்தார். அத்தொகுதியிலேயே, கீழே அகன்று வளைந்து மேலே ஒடுங்கிச் செல்லும் ஒரு கீற்று இருந்தது. நைற்றுக்கு அதிலும் முழு மனம் பற்றவில்லை. நாளடைவில் ஒருகால் பிடித்துப் போகலாம் என்றே அவர் கூறினார். எனினும் தொழிற்சாலை காத்திருந்தது; காலம் நெருங்கிவிட்டது; கீற்று ஏற்கப்பட்டது. டேவிட்சன் கொடுத்த கணக்கு 35 டொலர். மணித்தியாலத்துக்கு 2 டொலர் வீதம் பதினேழரை மணித்தியாலக் கூலி அது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்னும் பழமொழி கமக்காரனுக்கு மாத்திரம் உரியதன்று. நிராகரிக்கப்பட்ட முதற் தொகுதிக்கும், மனத்துள் உருவம் தேடித் திரிந்த பொழுதுகளுக்கும் எவர் மணிக்கணக்கு வைத்திருப்பார்?

நிராகரிக்கப்படும் வரைவு வீண் அன்று என்பதையும் இவ்விடத்திற் கூறுதல் தகும். வடிவமைப்பாளர் முதலில் வரைவன பெரும்பாலும் எவருக்கும் எளிதில் தோன்றும் உருவங்களேயாம். கல்விக்கு விளக்கு, வைத்தியத்துக்குப் பாம்பு சுற்றிய கோல், பயணத்துக்குச் சக்கரம் என்றவாறு அவை வந்துகொண்டேயிருக்கும். அவற்றை வரைந்து தீர்த்தாலன்றிப் புதியது தோன்றாது. பின்னர்த் தொடங்குவது கழித்தல். ஒரு கோட்டை அழித்தால் பொருள் கெடுமா என்று பார்ப்பர். கெடாதாயின் அக்கோடு வேண்டியதில்லை. மேலும் ஒன்றை அழிப்பர். இனி அழித்தாற் பொருள் கெடும் என்னும் நிலை வரும்வரை இவ்வாறே கழித்துச் செல்வர். அந்நிலையில் எஞ்சி நிற்பதே இலச்சினை.

இக்கழித்தல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உரிமை கோரப்படாத குறியின் வரலாறு காட்டும். லண்டன் றோயல் கலைக் கல்லூரியிற் பயின்ற ஜெரல்ட் ஹோல்டம் என்பவர் தொழில்முறை வடிவமைப்பாளர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். 1958ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், லண்டன் டிரபல்கர் சதுக்கத்திலிருந்து அணுவாயுத ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள ஆல்டர்மாஸ்டன் வரையும் ஏறத்தாழ 83 கிலோமீற்றர் தூரம் நடந்து செல்ல, அணுவாயுத எதிர்ப்பாளர் ஒழுங்கு செய்தனர். அந்நடைப் பயணத்துக்கு ஒரு குறி வேண்டும் என ஹோல்டம் எண்ணினார். வட்டத்துள் ஒரு சிலுவையை அமைப்பதே அவர்தம் முதல் எண்ணம். அதற்குச் சமய குருமார் சிலரிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. சிலுவையின் பெயரால் நடைபெற்ற போர்களை வரலாறு அறியும். அவர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

பின்னர் அவர் கப்பலோட்டிகளின் கொடிமொழியை நாடினார். இரு கைகளிலும் கொடி பிடித்து, கைகளை வைக்கும் நிலையாலே எழுத்துக்களை அறிவிக்கும் முறை அது. அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய ‘என்’ என்பதற்கு இரு கைகளும் இருபுறமும் சரிந்து தாழ்ந்திருக்கும். ஆயுதக் களைவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘டி’ என்பதற்கு ஒரு கை நேர்மேலும் மற்றைக் கை நேர்கீழும் நிற்கும். இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வட்டம் ஒன்றால் வளைத்தார். நான்கு கோடுகளும் ஒரு வட்டமும் அன்றி வேறொன்றும் இல்லை. பள்ளிச் சிறுவனும் சுண்ணக்கட்டியால் சுவரில் வரைந்துவிடலாம். 1958 பெப்ரவரி 21ஆம் திகதி அதனை அவர் நடைப் பயணக் குழுவினருக்குக் காட்டினார், அவர்கள் ஏற்றுக்கொண்டனர். குச்சிகளிற் பொருத்திய 500 வட்ட அட்டைகள் ஆயத்தமாயின. அவற்றுட் பாதி வெண்மைமேற் கருமையாகவும், பாதி பச்சைமேல் வெண்மையாகவும் இருந்தன. பெரிய வெள்ளியன்றும் சனியன்றும் கருங்குறிகளும், உயிர்த்த ஞாயிறன்றும் மறுநாளும் பச்சை அட்டைகளும் ஏந்தப்படுமாறு அவர் வகுத்தார். குளிர்காலம் போய் இளவேனில் வருவதையும், மரணத்தின்பின் உயிர்ப்பு வருவதையும் அந்நிறமாற்றம் உணர்த்திற்று.

அக்குறியினுள் ஹோல்டம் தம் மனத்துயரையும் வைத்திருந்தார். பின்னர் தம் நண்பர் ஹியூ புரொக் என்பவருக்கு எழுதிய கடிதமொன்றில், மனமுடைந்திருந்த தமது உருவத்தையே வரைந்ததாகக் கூறினார். ஸ்பானிய ஓவியர் கோயாவின் சித்திரத்திற் துப்பாக்கிகளுக்கு எதிரே நிற்கும் குடியானவனைப் போன்று, உள்ளங்கைகளை விரித்துக் கைகளைக் கீழ்நோக்கி நீட்டி நிற்கும் மனிதனையே தாம் கோடுகளாக்கியதாக அவர் எழுதினார். கோயாவின் சித்திரத்தில் அக்கைகள் மேல்நோக்கி உயர்ந்தே உள்ளன என்பதை, அதனைக் கண்டவர் அறிவர்.

உருவம் அமைந்தபின் சோதனை தொடங்கும். குறியை விரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தல் முதலாவது சோதனை. இன்று கைத்தொலைபேசித் திரையில் ஒவ்வொரு குறியும் அவ்வளவு சிறிதாகவே தோன்றுதலால் இச்சோதனையின் முக்கியத்துவம் பெருகியுள்ளது. நிறத்தை நீக்கிக் கருமையில் மட்டும் பார்த்தல் இரண்டாவது. நிறத்தின் துணையின்றி நிற்கமாட்டாத குறி, இறப்பர் முத்திரையிலும் பத்திரிகைத் தாளிலும் தோற்றுப்போகும். கருமைமேல் வெண்மையாக மாற்றிப் பார்த்தல் மூன்றாவது. தலைகீழாகப் பார்த்தல் நான்காவது. வரைந்தவர் கண்ணுக்குப் புலப்படாத வேண்டாத உருவம் ஏதேனும் மறைந்திருப்பின், அது அப்போது வெளிப்படும். ஒருமுறை காட்டி மறைத்துவிட்டு, கண்டவரை நினைவிலிருந்து வரையச் சொல்லல் ஐந்தாவது. ஓரளவேனும் வரைந்துவிட்டால் அக்குறி மனத்திற் பதிந்துவிட்டது என்பது பொருள்.

இறுதி உருவம் கணினியில் அமைக்கப்படும் முறையும் அறியத்தக்கது. கணினியிற் படம் இருவகையாக வைக்கப்படலாம். ஒரு முறையிற் படம் எண்ணற்ற சிறு புள்ளிகளின் தொகுதியாக இருக்கும். அதனைப் பெருப்பித்தாற் புள்ளிகளும் பெருத்து, விளிம்பு படிக்கட்டுப் போல் உடைந்து தோன்றும். மற்றை முறையில் ஒவ்வொரு கோட்டினதும் தொடக்கம், முடிவு, வளைவு ஆகியன கணக்காகவே குறிக்கப்பட்டிருக்கும். எந்த அளவில் வேண்டினும் கணினி அக்கணக்கைக் கொண்டு கோட்டைப் புதிதாக வரையும். பேனையின் மூடியிலும் மாடிக் கட்டடத்தின் சுவரிலும் ஒரே கூர்மையுடன் அது நிற்கும். இலச்சினை இவ்விரண்டாம் முறையிலேயே வாடிக்கைக்காரர் கையில் ஒப்படைக்கப்படல் வேண்டும்.

அன்றியும், வேறொருவருடைய குறியுடன் ஒத்திருக்கின்றதா என்பதையும் ஒப்படைக்குமுன்னர் ஆராய்தல் அவசியம். நாடுதோறும் வியாபாரக் குறிகளின் பதிவேடுகள் உள. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதியப்படும் குறிக்கு 10 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. அதனை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பதிவேட்டைப் பாராது ஒரு குறியைப் பலகையிலும் பையிலும் அச்சிட்டுவிட்டுப் பின்னர் வழக்கிலே சிக்குண்பவர், முதலிற் சேமித்ததைப் பன்மடங்காக இழப்பர்.

இவ்வளவும் முடிந்தபின் வாடிக்கைக்காரருக்கு எத்தனை வரைவுகளைக் காட்டுவது? டேவிட்சனைப் போன்று பல வரைவுகளைப் பரப்பி வைப்பது ஒரு வழக்கம். இதற்கு நேர்மாறான வழக்கத்தை மேற்கொண்டவர், 100,000 டொலர்க் குறியை வரைந்த போல் ரான்ட். ஐபிஎம் நிறுவனத்தின் குறி உட்படப் பெயர்பெற்ற பல குறிகளை வரைந்தவர் அவர். 1986இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தாம் புதிதாகத் தொடங்கிய ‘நெக்ஸ்ட்’ என்னும் கணினி நிறுவனத்துக்குக் குறி வேண்டி அவரை நாடினார். தெரிந்தெடுப்பதற்குச் சில வரைவுகள் தருமாறு ஜொப்ஸ் கேட்டதற்கு ரான்ட் இணங்கவில்லை. உமது பிரச்சினைக்கு ஒரு தீர்வைத் தருவேன். அதனை ஏற்பதும் விடுவதும் உம் விருப்பம். ஆயின் கூலியைத் தரவேண்டும் என்ற கருத்துப்பட அவர் கூறியதைப் பின்னாளில் ஜொப்ஸே வியப்புடன் எடுத்துரைத்துள்ளார். 28 பாகை சாய்ந்து நிற்கும் ஒரு கரிய கனசதுரமும், அதன்மேல் இரு வரிசையாக அமைந்த நான்கு எழுத்துக்களுமே அக்குறி. அக்குறியை எவ்வாறு அடைந்தார் என்பதைப் படிப்படியாக விளக்கும் சிறு நூல் ஒன்றையும் ரான்ட் ஆக்கி உடன் கொடுத்தார். வாடிக்கைக்காரர் காரணமறிந்து ஏற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ரான்ட்டின் பெயரும் புகழும் இல்லாத இளைஞர் ஒருவர் அவரைப்போற் பேசுவது எளிதன்று. எனினும் அவர் செய்தவற்றுள் ஒன்றை எவரும் செய்யலாம். கூலியையும் நிபந்தனையையும் வேலை தொடங்குமுன்னரே அவர் வெளிப்படையாகப் பேசினார். எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும், முற்பணம் எவ்வளவு, வேலை இடையில் நின்றால் யாது செய்வது, ஏற்கப்படாத வரைவுகள் எவருக்கு உரியன, குறியின் முழு உரிமையும் எப்போது கைமாறும் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அறிமுகமானவர், உறவினர் என்னும் தாட்சணியத்தால் இவற்றைப் பேசாது விடுவதே பின்னர் மனக்கசப்புக்கும் பகைக்கும் வித்தாகின்றது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். டேவிட்சனின் கீற்று ஏற்கப்பட்டபோது அந்நிறுவனத்துக்கு இன்றைய பெயரே இல்லை. நைற்றின் நினைவு நூற்படி, குறியைத் தெரிந்த பின்னரே பெயர் தேடினர். நிறுவனத்தின் முதல் ஊழியரான ஜெவ் ஜோன்சன், வெற்றிக்குரிய கிரேக்கத் தேவதையின் பெயரைச் சொன்னார். அதுவே ‘நைக்கி’ என்பது. வளைந்த கீற்றைத் தேவதையின் சிறகாக இன்று பலர் காண்கின்றனர். காற்றைக் கிழித்துச் செல்லும் ஓசையைக் குறிக்கும் ‘ஸ்வூஷ்’ என்பது அக்கீற்றின் பெயராகவே நிலைத்துவிட்டது. பிறந்த நாளில் அது வெறுமையான ஒரு பாத்திரம். அக்குறியிட்ட சப்பாத்தை அணிந்து ஓடிய வீரரின் ஓட்டமும், நிறுவனத்தார் ஆண்டாண்டாகச் செய்த முயற்சியும், பெருஞ் செலவில் நடத்திய விளம்பரமும் அப்பாத்திரத்தைச் சிறிது சிறிதாக நிரப்பின. 1995இல் நிறுவனத்தார் பெயரை நீக்கிவிட்டுக் கீற்றை மாத்திரமே தம் இலச்சினையாக வழங்கத் தொடங்கினர். அதற்குள் பாத்திரம் நிரம்பியிருந்தது.

மறுபுறத்தில் நெக்ஸ்ட் நிறுவனத்தை அப்பிள் நிறுவனம் வாங்கிக்கொள்வதாக 1996 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அங்கே உருவான கணினிச் செயல்முறைகள் அப்பிளிற் தொடர்ந்து வாழ்ந்தன. கரிய கனசதுரம் வழக்கொழிந்தது. அதனைக் கொண்டு ரான்ட்டின் வேலை குறைபாடுடையது என்று எவரும் கூறார். வடிவமைப்பாளர் தருவது உருவம்; உருவத்துள் உயிரை வைப்பது வாடிக்கைக்காரரின் ஒழுக்கமும் உழைப்புமே. தீய சரக்கை விற்பவர் எத்துணை அழகிய குறியை இட்டாலும், மக்கள் அக்குறியைக் கண்டு அஞ்சி விலகவே அது உதவும்.

ஹோல்டத்தின் குறியோ வரைந்தவரையும் கடந்து சென்றது. உரிமை பதியப்படாமையால் எவரும் அதனை வரையலாயிற்று. அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்தவர் அதனை ஏந்தினர். அணுவாயுத எதிர்ப்புக்குப் பிறந்த குறி சமாதானத்தின் பொதுக்குறியாயிற்று. பிற்காலத்தில் ஹோல்டம், மனமுடைந்த மனிதனின் தாழ்ந்த கைகளை வரைந்தமைக்கு வருந்தினார். குறியைத் தலைகீழாக்கிக் கைகள் உயர்ந்து நிற்குமாறு அமைக்க விரும்பினார். 1985இல் அவர் மறைந்தபோது தம் கல்லறையில் அவ்வாறு பொறிக்குமாறு கேட்டுவைத்திருந்தும், அங்கே பொறிக்கப்பட்டது உலகம் அறிந்த பழைய வடிவமே. பெற்றவரே திருப்பியழைத்தாலும் வாராத பிள்ளையாக அது வளர்ந்துவிட்டது.

ஆகவே, இலச்சினைக்குரிய கூலியை அது பின்னாளிற் பெறப்போகும் புகழைக் கொண்டு அளத்தல் இயலாது. அப்புகழை வரைந்த நாளில் எவரும் அறியார். செய்த வேலையையும், அவ்வேலைக்குப் பின்னாலுள்ள பல்லாண்டுப் பயிற்சியையும் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். மணித்தியாலக் கணக்கு கை அசைந்த நேரத்தை மட்டும் அளக்கும். கண் பழகிய காலத்தை அளக்காது. இதனைக் கூலி பேசும் நாளிலே சொல்வது வடிவமைப்பாளரின் கடமை. செவிகொடுப்பது வாடிக்கைக்காரரின் கடமை.

பேசிய கூலிக்கு அப்பால் நன்றி என்பதும் ஒன்றுண்டு. 1983இல், கீற்று வரையப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், நைற் டேவிட்சனை ஒரு விருந்துக்கு அழைத்தார். கீற்று வடிவிற் செய்த மோதிரமொன்றும், ஓர் உறையும் அவருக்கு வழங்கப்பட்டன. உறையினுள் நிறுவனத்தின் 500 பங்குகளுக்குரிய பத்திரம் இருந்தது. சட்டப்படி அது கொடுக்கவேண்டிய கடன் அன்று. 35 டொலருடன் கணக்குத் தீர்ந்திருந்தது. எனினும் கொடுக்கப்பட்டது.

எல்லா வாடிக்கைக்காரரும் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நினைவுகூர்ந்து அழைப்பர் என்று எதிர்பார்த்தல் ஆகாது. ஆதலின், இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் இளைஞர் வரையக் கற்பதோடு, கேட்கவும், கழிக்கவும், கூலியைத் தயங்காது பேசவும் கற்றல் வேண்டும். இலச்சினை வேண்டி அவர்களிடம் செல்வோரும், தாம் பெற்றுவருவது வெறும் பாத்திரமே என்பதையும், அதனை எதனால் நிரப்புவது என்பது தம் கையிலேயே உள்ளது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.